அறுத்த பின்னும் முளைப்பது ஏன்?

மூளைக் கட்டி பரவும் ரகசிய வழிகள்

உடம்பிலே ஒரு கட்டி வருகிறது. டாக்டர் அதை அறுத்து எடுத்து விடுகிறார். புண் ஆறுகிறது. "இனிக் கவலை இல்லை" என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். சில மாதங்கள் செல்கின்றன. பார்த்தால், அதே இடத்தில் மறுபடியும் கட்டி!

வீட்டில் உள்ளவர்கள் திகைத்துப் போகிறார்கள். "டாக்டர் சரியாக எடுக்கவில்லையோ?" என்கிறார் ஒருவர். "கத்தி பட்டதால்தான் பரவி விட்டது" என்கிறார் மற்றொருவர். "ஆபரேஷனே செய்யாமல் இருந்திருக்கலாம்" என்கிறார் மூன்றாமவர்.

உண்மை என்ன? கட்டி ஏன் திரும்ப வருகிறது? முக்கியமாக, மூளையில் வரும் புற்றுநோய்க் கட்டி ஏன் இவ்வளவு பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வருகிறது? விஞ்ஞானிகள் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். அந்த விடை ஆச்சரியமானது. ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டியது.

மகரிஷியின் கையில் வந்த கட்டி

திருவண்ணாமலைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

ரமண மகரிஷி தம் 16-வது வயதில், 1896-ம் ஆண்டு, வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தார். அதன் பிறகு அண்ணாமலையை விட்டு அவர் போகவே இல்லை. 1948-ம் ஆண்டு இறுதியில் அவருடைய இடது முழங்கை அருகே சிறிய கட்டி ஒன்று தோன்றியது.

1949 பிப்ரவரி மாதம் அதை அறுத்து எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் கட்டி திரும்ப வந்து விட்டது. மார்ச் மாதம் சென்னையிலிருந்து டாக்டர்கள் வந்து இரண்டாவது ஆபரேஷன் செய்தார்கள். அது "சார்க்கோமா" என்னும் கொடிய வகைப் புற்று என்று தெரிந்தது. ரேடியம் சிகிச்சையும் நடந்தது. அப்படியும் கட்டி வளர்ந்தது. ஆகஸ்டு மாதம் மூன்றாவது ஆபரேஷன். டிசம்பர் மாதம் நான்காவது ஆபரேஷன். நோய் அடங்கவில்லை.

கையையே எடுத்து விடலாம் என்று டாக்டர்கள் யோசனை சொன்னார்கள். மகரிஷி சம்மதிக்கவில்லை. உடம்பே ஒரு நோய்தான், அது தன் போக்கில் முடியட்டும் என்ற கருத்தில் பேசி மறுத்து விட்டார். 1950 ஏப்ரல் 14-ம் தேதி இரவு 8.47 மணிக்கு அவர் உடலை நீத்தார்.

நான்கு தடவை அறுத்தும் நோய் நிற்காதது ஏன்? கண்ணுக்குத் தெரிந்த கட்டியை அறுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்கள் சுற்றியுள்ள சதையில் தங்கி விட்டன. அவையே மீண்டும் கட்டியாக வளர்ந்தன.

அதனால்தான் கையை எடுக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நோய் தங்கியுள்ள பகுதியைச் சேர்த்து எடுத்து விட்டால் ஒருவேளை தப்பலாம் என்பது அவர்கள் கணக்கு. கையில் வந்த நோய்க்கு இப்படி ஒரு வழியாவது இருந்தது. மூளையில் வந்தால்? மூளையை எடுத்து விட்டு மனிதன் வாழ முடியுமா?

மூளைக் கட்டியின் சிக்கல் எல்லாம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

எல்லாக் கட்டியும் புற்று அல்ல

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்து கொள்ள வேண்டும். தலைவலி வந்தால் எல்லாம் மூளைக் கட்டி அல்ல. மூளைக் கட்டி எல்லாம் புற்றுநோயும் அல்ல. மூளையை மூடியிருக்கும் உறையில் "மெனிஞ்சியோமா" என்ற கட்டி வருவதுண்டு. அது பெரும்பாலும் மாங்கொட்டை போல் தனியாக உருண்டு நிற்கும். நல்ல இடத்தில் இருந்தால் முழுவதையும் எடுத்து விடலாம். நோயாளி குணமாகி வீடு திரும்புவார்.

தொல்லை கொடுப்பது வேறு வகை. மனித மூளையின் எடை சுமார் 1,400 கிராம். அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. நாம் நினைப்பதும் பேசுவதும் நடப்பதும் இந்த அணுக்களின் வேலை. இவற்றைத் தாங்கிப் பிடித்து, ஊட்டம் கொடுத்துக் காப்பாற்றும் துணை அணுக்களும் உண்டு. அவற்றுக்கு "கிளியா" என்று பெயர். கிரேக்க மொழியில் இதற்குப் "பசை" என்று அர்த்தம்.

இந்தத் துணை அணுக்கள் கெட்டுப் போய், கட்டுக்கு அடங்காமல் பெருகுவதுதான் "கிளியோமா". அதில் மிகக் கொடியது "கிளியோபிளாஸ்டோமா". பயிருக்குக் காவல் வைத்தவனே பயிரை மேய்ந்தால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

நுரையீரலிலோ மார்பிலோ வரும் புற்று, இரத்தத்தோடு கலந்து மூளை, எலும்பு என்று மற்ற உறுப்புகளுக்குப் போகும். கிளியோமா அப்படிச் செய்வதில்லை. அது மூளையை விட்டு வெளியே போவது மிக மிக அபூர்வம். ஆனால், மூளைக்குள்ளேயே சந்து பொந்து எல்லாம் நுழைந்து விடும்.

கிரிவலக் கூட்டம் போல

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் திருவண்ணாமலையைப் பார்த்தால் இந்த நோய் பரவும் விதம் எளிதில் விளங்கும்.

ராஜகோபுர வாசலில் இன்னும் கூட்டம் நெரிகிறது. தேரடி வீதியிலும் நல்ல கூட்டம். செங்கம் சாலைப் பக்கம் போனால் கூட்டம் குறைகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் போகப் போக, இங்கே பத்துப் பேர், அங்கே ஐந்து பேர். பிறகு தனி ஆளாக ஒருவர் நடந்து போய்க் கொண்டிருக்கிறார். "கூட்டம் இந்த இடத்தோடு முடிகிறது" என்று எங்கேயாவது கோடு கிழிக்க முடியுமா? முடியாது.

கிளியோமாவும் அப்படித்தான். ஸ்கேன் படத்தில் தெரிவது கோபுர வாசல் கூட்டம் மட்டுமே. அந்தக் கூட்டத்தை டாக்டர் அப்புறப்படுத்தி விடுகிறார். ஆனால், ஒருவர் இருவராகப் பாதையில் போய்விட்ட அணுக்கள் நல்ல மூளைக்குள் மறைந்து இருக்கின்றன. எந்த ஸ்கேனும் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டுவதில்லை. டாக்டரின் கண்ணுக்கும் அந்த இடம் நல்ல மூளை போலவே தெரிகிறது. பெரும்பாலான நோயாளிகளுக்கு, பழைய இடத்திலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் கட்டி மறுபடியும் முளைக்கிறது. அதாவது ஓர் அங்குலத்துக்குள்!

பாதி மூளையை எடுத்தார்!

"அப்படியானால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வெட்டி எடுத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் வால்ட்டர் டாண்டி என்ற பெயர் பெற்ற மூளை நிபுணர் இருந்தார். மூளையின் வலது பக்கம் கட்டி வந்து, இடது கைகால் ஏற்கனவே விழுந்து போன சில நோயாளிகளுக்கு, வலது பக்க மூளை முழுவதையும் அவர் எடுத்து விட்டார். 1928-ம் ஆண்டு இந்தச் செய்தியை வெளியிட்டார். வைத்திய உலகமே வியந்தது. ஆனாலும் நோய் மீண்டும் தலைகாட்டியது. கட்டியின் அணுக்கள் அதற்கு முன்பே எல்லை தாண்டி விட்டிருந்தன!

கத்தியால் மட்டும் இந்த நோயை ஜெயிக்க முடியாது என்பது அன்றே தெரிந்து போயிற்று.

நான்கு பாதைகள்

கட்டியின் அணுக்கள் எந்த வழியாகப் போகின்றன? 1930-களில் பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் நகரில் ஷெரர் என்ற ஆராய்ச்சியாளர், நோயால் இறந்தவர்களின் மூளைகளை மெல்லிய வில்லைகளாகச் சீவி, மைக்ராஸ்கோப் வழியாக ஆராய்ந்தார். அணுக்கள் கண்டபடி போகவில்லை, மூளையில் ஏற்கனவே உள்ள பாதைகளிலேயே போகின்றன என்று அவர் கண்டார்.

முதல் பாதை, இரத்தக் குழாய்களின் வெளிப்புறச் சுவர். குழாய்க்குள் இறங்காமல், வாய்க்கால் கரைமேல் நடப்பது போல் அணுக்கள் நடக்கின்றன.

இரண்டாவது, நரம்பு இழைகள். மூளையின் ஒரு பகுதியையும் மற்றொரு பகுதியையும் இணைக்கும் வெள்ளை இழைக் கட்டுகள் உண்டு. வலது மூளைக்கும் இடது மூளைக்கும் நடுவே பெரிய பாலம் போன்ற இழைக்கட்டு ஒன்று இருக்கிறது. அதன் வழியாகக் கட்டி மறுபக்கம் போய்விடும். அப்போது ஸ்கேன் படத்தில் இரண்டு சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல் அது தெரியும்.

மூன்றாவது, நரம்பணுக்களைச் சுற்றியுள்ள இடம். நான்காவது, மூளையை மூடிய மெல்லிய சவ்வின் அடிப்பகுதி.

உடம்பை ஒடுக்கி நுழையும் தந்திரம்

மூளைக்குள் அணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மிக மிகக் குறுகியது. கட்டியின் அணு அதைவிடப் பெரியது. அது எப்படி நுழைகிறது?

முதலில், வழியில் உள்ள பசை போன்ற பொருளைக் கரைக்கும் ரசங்களை அது சுரக்கிறது. பிறகு, தன் உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் வெளியே விட்டுச் சுருங்கிக் கொள்கிறது. சுருங்கிய உடம்போடு இடுக்கில் நுழைந்து, அந்தப் பக்கம் போனதும் பழையபடி பருத்துக் கொள்கிறது. எலி சிறிய வளைக்குள் உடம்பை ஒடுக்கி நுழைவது போலத்தான்!

இங்கே ஒரு வேடிக்கை. பாலைவனத்தில் வாழும் ஒரு மஞ்சள் தேளின் விஷத்தில் "குளோரோடாக்சின்" என்ற பொருள் இருக்கிறது. அது கட்டியின் அணுக்களைத் தேடிப் பிடித்து ஒட்டிக் கொள்கிறது. அவை சுருங்கி நுழைவதையும் தடுக்கிறது. ஆகவே, ஆபரேஷன் சமயத்தில் கட்டியை அடையாளம் காட்டும் சாயமாக அதைப் பயன்படுத்த ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அதற்காகத் தேள் கொட்டினால் கட்டி போய்விடும் என்று யாரும் நினைத்து விடக்கூடாது! ஆராய்ச்சிச் சாலையில் பிரித்து எடுத்துப் பக்குவம் செய்த பொருளைப் பற்றிய பேச்சு இது.

மூளையோடு பேசும் கட்டி

சமீப காலத்தில் கண்டுபிடித்த செய்திகள் இதைவிட ஆச்சரியமானவை.

ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகர விஞ்ஞானிகள், எலியின் மண்டையில் சிறு கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே கட்டி வளர்வதை நாள்தோறும் பார்த்தார்கள். கட்டியின் அணுக்கள் மிக மெல்லிய நீண்ட இழைகளை நீட்டுவதை 2015-ம் ஆண்டு வெளியிட்டார்கள். சில இழைகள் அரை மில்லிமீட்டருக்கும் நீளம்! அணுக்கள் இந்த இழைகளால் ஒன்றோடு ஒன்று கைகோத்துக் கொள்கின்றன. ஓர் அணுவுக்கு அடிபட்டால் மற்றவை உதவுகின்றன. கதிர் சிகிச்சையைக் கூட இப்படிக் கைகோத்த அணுக்கள் அதிகம் தாங்கிக் கொள்கின்றன.

2019-ம் ஆண்டு இன்னொரு செய்தி. ஹைடல்பர்க் விஞ்ஞானிகளும், அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் தனித்தனியாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மூளையின் நல்ல நரம்பணுக்கள், கட்டியின் அணுக்களோடு நேரடித் தொடர்பு வைத்திருக்கின்றன! ஒரு நரம்பு மற்றொரு நரம்புக்குச் செய்தி அனுப்புவது போலவே, கட்டிக்கும் செய்தி போகிறது. அந்த மின்சார சமிக்ஞையே கட்டிக்கு ஊக்கம் தருகிறது. இந்த ஆராய்ச்சியில் முன்னணியில் நின்றவர்களில் ஹைடல்பர்க்கின் வருண் வெங்கடரமணி, ஸ்டான்போர்டின் ஹம்சா வெங்கடேஷ் ஆகிய இருவரும் உண்டு.

2022-ம் ஆண்டு வெங்கடரமணியும் அவர் குழுவினரும் மேலும் ஒரு படி சென்றார்கள். கட்டியை விட்டுப் பிரிந்து முதலில் நல்ல மூளைக்குள் புகும் அணுக்கள் தனித்து நடப்பவை. மற்ற கட்டி அணுக்களோடு அவை கைகோப்பதில்லை. தாய் வயிற்றில் குழந்தையின் மூளை உருவாகும்போது இளம் நரம்பணுக்கள் எப்படி ஊர்ந்து தங்கள் இடத்துக்குப் போகின்றனவோ, அதே நடையில் இவையும் ஊர்கின்றன. நரம்புகளின் சமிக்ஞை இவற்றை இன்னும் விரைவாக ஓட வைக்கிறது.

மூளை வளர்வதற்கு இயற்கை கொடுத்த வித்தையையே நோய் திருடிக் கொண்டது! அதனால்தான் நல்ல மூளைக்குள் அது இவ்வளவு சுலபமாகக் கலந்து விடுகிறது. ஆனால், இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. திருடன் வரும் வழி தெரிந்தால் வழியை அடைக்கலாம். கட்டிக்கும் நரம்புக்கும் உள்ள தொடர்பை அறுக்கும் மருந்துகளை இப்போது தேடுகிறார்கள்.

தமக்கைக்குக் கத்தி வைத்த தம்பி

இந்த நோயின் கொடுமையைத் தம் வீட்டிலேயே கண்டவர் வைல்டர் பென்ஃபீல்டு. கனடா நாட்டில் மான்ட்ரியால் நகரில் இருந்த உலகப் புகழ் பெற்ற மூளை நிபுணர் அவர்.

அவருடைய தமக்கை ரூத் ஆறு குழந்தைகளின் தாய். நெடுநாளாக அவருக்குத் தலைவலியும் வலிப்பும் இருந்தன. மூளையில் கிளியோமா! 1928 டிசம்பரில் தம்பியே தமக்கைக்கு ஆபரேஷன் செய்தார். நெற்றிப் பக்கத்து மூளையில் பெரும் பகுதியை எடுத்தார். ஆனால் கட்டி முழுவதையும் எடுக்க முடியவில்லை. ரூத் பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போனார். முன்போல் பேசினார், சிரித்தார். ஆனால், சில பேருக்கு விருந்து சமைக்க வேண்டும் என்றால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரியாமல் தவித்தார். மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் கட்டி திரும்ப வந்து, அவர் இறந்தார்.

அந்தத் துயரம் பென்ஃபீல்டை விடவில்லை. மூளை நோய்களுக்கென்றே 1934-ம் ஆண்டு மான்ட்ரியாலில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தை அவர் நிறுவினார். நோயாளி விழித்துப் பேசிக் கொண்டிருக்கும்போதே மூளையில் ஆபரேஷன் செய்யும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். மூளைக்கு வலி தெரியாது. ஆகவே, நோயாளியைப் பேசச் சொல்லிக் கொண்டே, பேச்சுக்கு உரிய இடத்தைத் தொடாமல் கட்டியை எடுக்கலாம்.

அந்தப் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர்தான் டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவர் 1949-ம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு ரண சிகிச்சைப் பகுதியைத் தொடங்கினார். அதே ஆண்டுதான், அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் திருவண்ணாமலையில், மகரிஷியின் கையில் கட்டி மேல் கட்டியாக முளைத்துக் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு, 1950-ல், சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை ஆபரேஷன் பகுதியைத் தொடங்கினார்.

இன்று என்ன சிகிச்சை?

இன்று ஆபரேஷன் முறைகள் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன. ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளிக்கு ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுப்பது ஒரு முறை. நீல நிற ஒளியில் பார்த்தால் கட்டி மட்டும் ரோஜா நிறத்தில் மின்னும். ஜெர்மனியில் நடந்து 2006-ல் வெளியான சோதனையின் முடிவு இது: சாதாரண வெளிச்சத்தில் 100-க்கு 36 பேருக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதையும் எடுக்க முடிந்தது. நீல ஒளியில் 65 பேருக்கு எடுக்க முடிந்தது.

ஆபரேஷன் முடிந்த பிறகுதான் அடுத்த வேலை. மறைந்திருக்கும் அணுக்களைப் பிடிக்கக் கட்டி இருந்த இடத்துக்கும், அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் கதிர் சிகிச்சை கொடுக்கிறார்கள். வழக்கமாக வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரம். கூடவே "டெமோசோலமைட்" என்ற மாத்திரை. 2005-ல் வெளியான 573 நோயாளிகளின் கணக்கு இதன் பயனைக் காட்டியது. கதிர் மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 10 பேர் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். கதிரும் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 26 பேர் இருந்தார்கள். பூரண குணம் அல்லதான். ஆனால், 10 பேர் 26 பேர் ஆனது சிறிய காரியமா?

கத்தி பட்டால் பரவுமா?

நம் ஊர்களில் பலரும் கேட்கும் கேள்வி இது. கிளியோமா விஷயத்தில் பதில் திட்டவட்டமானது. கத்தி பட்டதால் அது பரவுவதில்லை. கத்தி படும் முன்பே அது பரவி விட்டது!

நிலக்கடலைக் கொல்லையில் கோரை முளைத்தால் குடியானவர் களை கொத்துகிறார். பத்து நாளில் மறுபடியும் கோரை தலைநீட்டுகிறது. களைக்கொட்டு பட்டதால்தான் கோரை வந்தது என்று யாராவது சொல்வார்களா? மண்ணுக்குள் கிழங்கு இருந்தது, அதனால் முளைத்தது. அதற்காகக் களை கொத்தாமல் விட்டால் கொல்லை முழுவதும் கோரையாகி விடும். மூளைக் கட்டியும் அதுபோலத்தான். எவ்வளவு எடுக்க முடிகிறதோ அவ்வளவு நல்லது. மண்டைக்குள் அழுத்தம் குறையும். மீதியைக் கதிரும் மருந்தும் எதிர்க்க வழி பிறக்கும்.

குடும்பத்தார் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. ஆபரேஷன் நன்றாக முடிந்து நோயாளி எழுந்து நடமாடியதும், "கட்டிதான் போய்விட்டதே, கதிர் எதற்கு, மாத்திரை எதற்கு?" என்று பாதியில் நிறுத்தி விடுகிறார்கள். மறைந்திருக்கும் அணுக்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. சாமியை வேண்டிக் கொள்ளலாம். மலையைச் சுற்றலாம். மருந்தை மட்டும் நிறுத்தக்கூடாது.

அசட்டையாக இருக்கக் கூடாத அறிகுறிகள்

வாழ்நாளில் இல்லாத வலிப்பு, பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று முதல் தடவையாக வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். நாளுக்கு நாள் அதிகமாகும் தலைவலி, காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, ஒரு பக்கக் கைகால் பலம் குறைவது, பேச்சுக் குழறுவது, பார்வை மங்குவது ஆகியவையும் அப்படியே. சாந்தமாக இருந்தவர் காரணமில்லாமல் குணம் மாறினாலும் அலட்சியம் செய்யக்கூடாது. பேய் பிடித்தது, பில்லி சூனியம் என்று நாளை ஓட்டி விடக்கூடாது.

இவை எல்லாம் வேறு சாதாரணக் காரணங்களாலும் வரலாம். ஒரு ஸ்கேன் எடுத்தால் சந்தேகம் தெளிந்து விடும். திருவண்ணாமலை போன்ற மாவட்டத் தலைநகர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. போகும்போது பழைய சீட்டுகளையும், காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கொண்டு போவது நல்லது.

இந்த நோய் ஒட்டுவாரொட்டி அல்ல. நோயாளியோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. அவரை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. பேச்சுக் குழறினாலும், குணம் மாறினாலும், அது நோய் செய்யும் வேலையே தவிர அவர் செய்வது அல்ல. கட்டி திரும்ப வந்தால் அது வீட்டார் குற்றமும் அல்ல, நோயாளியின் பாவமும் அல்ல. கண்ணுக்குத் தெரியாத பாதையில் முன்பே போய்விட்ட அணுக்கள் செய்யும் காரியம் அது. இதைத் தெரிந்து கொண்ட வீட்டில் ஒருவரை ஒருவர் குறை சொல்லும் பேச்சு இருக்காது. அடுத்த சிகிச்சைக்கு எப்போது போவது என்ற பேச்சுத்தான் இருக்கும்.